எடுத்த வட்டும் எடுபடாத பெயரும்

மூன்றாமாண்டு இளமறிவியல், கணிப்பொறி அறிவியல்

ஆண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று தமிழ்த்துறைப் பேராசிரியர் கேட்டபோது, "ஐயா, எனக்குக் கவிதை வராது. கணிப்பொறியைப் பற்றி எழுதினால் யாரும் படிக்கமாட்டார்கள்" என்று தப்பிக்கப் பார்த்தேன். அவர் விடவில்லை. "எங்கள் துறை ஸ்கேன் செய்து வைத்திருந்த பழைய மலர்களையெல்லாம் ஒரு காலைப் பொழுதில் காணாமற் போக்கினாயே, அதை எழுதம்மா" என்றார். பக்கத்தில் நின்ற தோழியர் சிரித்துவிட்டனர். ஆகவே என் பிழையை நானே அச்சேற்றுகிறேன். படித்துவிட்டு மீண்டும் ஒருமுறை சிரித்துக்கொள்ளுங்கள்.

நான் ஆலங்குளத்துக்காரி. ஆலங்குளம் என்றதும் தென்காசிப் பக்கத்து ஆலங்குளத்தை நினைத்துவிட வேண்டாம். ராஜபாளையத்திலும் திருவில்லிபுத்தூரிலும் "சிமெண்ட் ஆலங்குளம்" என்றால் கண்டக்டருக்குப் புரியும். 1970ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கி, 1976இல் தமிழ்நாடு சிமெண்ட்ஸ் கழகத்தின் கைக்கு வந்த ஆலை எங்கள் ஊரினுடையது. என் தாத்தா அங்கே ஸ்டோர்ஸில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். இந்தக் கதையில் அவருக்கும் ஓர் இடம் உண்டு என்பதனால் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

லினக்ஸ் எனக்கு அறிமுகமானது வீட்டில்தான். தமிழக அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அண்ணனுக்கு வந்த கணினியில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற ஒன்றும் இருந்தது. சென்னை சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கியது அது. அண்ணன் விண்டோஸில் படம் பார்த்துக்கொண்டிருக்க, அவன் வெளியே போகும் நேரமெல்லாம் நான் அந்த மற்றொன்றைத் திறந்து பார்ப்பேன். கல்லூரிக்கு வந்து சேர்ந்தபோது, ஆய்வகத்துச் சர்வரும் லினக்ஸ்தான் என்று அறிந்து, தெரிந்த முகத்தை வெளியூரில் கண்டதுபோல் மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சியே பின்னால் கொஞ்சம் துணிச்சலாக மாறி என்னைக் கெடுத்தது.

நம் ஆய்வகத்தின் மூலையில், மின்விசிறிக்கு நேர் கீழே, ஓயாமல் இரைந்துகொண்டிருக்கும் அந்தச் சர்வரைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அதில் நான்கு டிஸ்க்குகள் இருந்தன. முதலாவதில் இயங்குதளம். இரண்டாவதில் படிப்பை முடித்துப் போன அண்ணன்மார், அக்காமாரின் செய்முறைப் பயிற்சிகள். மூன்றாவதில் தமிழ்த்துறையார் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து சேர்த்த கல்லூரி ஆண்டு மலர்கள். நான்காவதில் இப்போது படிக்கும் நம் எல்லாருடைய கோப்புகளும். மலர்களைப் பற்றி ஒரு சொல் கூடுதலாகச் சொல்ல வேண்டும். நூலகத்தின் பழைய அலமாரியில் கறையான் புகுந்தபின், சில ஆண்டுகளின் மலருக்கு அச்சுப்படி ஒன்றுகூட மிஞ்சவில்லை. டிஸ்க்கில் இருப்பது மட்டுந்தான் இருப்பது.

இந்த டிஸ்க்குகளுக்கு லினக்ஸ் வைக்கும் பெயர்கள் விசித்திரமானவை. முதலில் கண்ணில் பட்டது எஸ்.டி.ஏ. அடுத்தது எஸ்.டி.பி. அதற்கடுத்தது எஸ்.டி.சி. இருபத்தாறு எழுத்தும் தீர்ந்துவிட்டால் எஸ்.டி.ஏ.ஏ. பிறந்த குழந்தைக்கு வைக்கும் பெயரைப் போன்றதன்று இது. கலியாணப் பந்தியில் உட்கார்ந்த வரிசையைப் போன்றது. நடுவில் ஒருவர் எழுந்து போய்விட்டால் அடுத்த பந்தியில் எல்லாருக்கும் இடம் மாறிவிடும். இதை நான் பாடப் புத்தகத்தில் படித்தவள்தான், தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றவள்தான். ஆனாலும் என்ன!

பழைய யுனிக்ஸில் இந்தத் தொல்லை வேறு விதமாக இருந்ததாம். டெவ் என்னும் அடைவுக்குள், இருக்கின்ற கருவி, இல்லாத கருவி, என்றைக்காவது வரக்கூடிய கருவி எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே பெயர் எழுதி வைத்துவிடுவார்கள். பெயர் இருப்பதால் பொருளும் இருக்கிறது என்று அன்று யாரும் நம்பியதில்லை. 2003 டிசம்பரில் லினக்ஸ் கெர்னலின் 2.6 பதிப்பு வந்தபின், கருவி வந்தால் பெயர் வரும், கருவி போனால் பெயர் போகும் என்ற ஒழுங்கு ஏற்பட்டது. ஒழுங்கு வந்ததால் நம்பிக்கை வந்தது. அதனாலேயே இன்று போகாமல் நின்றுவிட்ட ஒரு பெயர், அன்றைய நூறு பொய்ப் பெயர்களைவிட அதிகமாக ஆளை ஏமாற்றுகிறது. லினஸ் டோர்வால்ட்ஸ் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்து 1991 ஆகஸ்டில் தம் படைப்பைப் பற்றி முதன்முதல் அறிவித்தபோது, தம்மிடம் உள்ள ஏ.டி. வகை டிஸ்க்கைத் தவிர வேறெதையும் அது தாங்கப் போவதில்லை என்ற கருத்துப்பட எழுதினார். ஒரு மாணவரின் மேசையில் ஒரே ஒரு டிஸ்க்கோடு தொடங்கியது, இன்று டிஸ்க்கின் பெயரை நீக்கத் தெரியாமல் இன்னொரு மாணவி விழிக்கும் வரை வளர்ந்திருக்கிறது.

நடந்தது இதுதான். இரண்டாவது டிஸ்க் பழுதாகத் தொடங்கியிருந்தது. அதிலிருந்தவற்றை முன்பே வேறிடத்தில் படியெடுத்து வைத்துவிட்டதால் கவலையில்லை. பழுது பார்க்க வந்தவர், சர்வர் ஓடிக்கொண்டிருக்கையிலேயே தாழ்ப்பாளைத் தட்டி, அலமாரியிலிருந்து புத்தகத்தை உருவுவதுபோல் டிஸ்க்கை உருவி மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். உருவக் கூடாது என்பதில்லை. ஓடும்போதே கழற்றுவதற்கென்று செய்த பெட்டிதான் அது. ஆனால் கழற்றுமுன் இயங்குதளத்திடம் சொல்லிவிட்டுக் கழற்ற வேண்டும். அவர் சொல்லவில்லை. பெட்டிக்குள் இருந்த பழைய கன்ட்ரோலரும் கெர்னலிடம் சொல்லவில்லை.

விளைவு வேடிக்கையாக இருந்தது. மேசைமேல் கிடக்கும் டிஸ்க்கில் இத்தனை ஜி.பி. நிரம்பியிருக்கிறது, இத்தனை ஜி.பி. காலியாக இருக்கிறது என்று சர்வர் சற்றும் கூசாமல் கணக்குக் காட்டியது. நினைவில் வைத்திருந்த பழைய கணக்கை ஒப்புவித்துக்கொண்டிருந்தது. உள்ளே நுழைந்து ஒரு கோப்பைத் திறக்கப் போனால் மட்டும் உள்ளீட்டு வெளியீட்டுப் பிழை என்று முனகும். அந்த முனகல் ஒவ்வொன்றையும் பதிவேட்டில் எழுதிக்கொண்டேயும் வந்தது. இப்படியே விட்டிருந்தால் பதிவேடே முதல் டிஸ்க்கை நிரப்பியிருக்கும்.

வேடிக்கையில்லாத ஒன்றும் இருந்தது. அன்றாடம் இரவு படியெடுக்கும் ஸ்கிரிப்ட், டிஸ்க்குகளை வரிசையாகப் போய்ப் பார்க்கும்படி எழுதப்பட்டது. இரண்டாவதில் பிழை கண்டதும் அங்கேயே நின்றுவிட்டது. மூன்றாவதற்கும் நான்காவதற்கும் போகவேயில்லை. டிஸ்க் உருவப்பட்ட நாள் முதலாக மட்டுமன்று, அது நோயுற்ற நாள் முதலாகவே, அதாவது தமிழ்த்துறையார் ஸ்கேன் செய்துகொண்டிருந்த வாரங்கள் முழுவதும், மலர்களுக்குப் படியே எடுக்கப்படவில்லை. இது எங்களில் எவருக்கும் அப்போது தெரியாது.

மாலை நான்கரை மணிக்குப் பேராசிரியரும் நானும் உட்கார்ந்தோம். அவர் முதலில் அந்த டிஸ்க்கின் கோப்பமைப்பை அவிழ்த்தார். அன்மவுண்ட் என்பது அதன் பெயர். எளிதில் அவிழாததால், பிடித்துக்கொண்டிருப்பவர் கையை விட்டதும் அவிழட்டும் என்னும் சோம்பல் முறையில் அவிழ்த்தார். (கையேட்டிலேயே அதற்குச் சோம்பல் முறை என்றுதான் பெயர். நான் சூட்டியதில்லை.) பிறகு எஃப்.எஸ்.டேப் என்னும் கோப்பைத் திறந்தார். தொடங்கும்போது எந்த டிஸ்க்கை எங்கே பொருத்த வேண்டும் என்று சர்வர் பார்த்துக்கொள்ளும் பட்டியல் அது. இல்லாத டிஸ்க்கின் வரி அதில் இருந்தால், அடுத்த முறை தொடங்குகையில் சர்வர் ஒன்றரை நிமிடம் வாசலைப் பார்த்துக் காத்திருந்துவிட்டு, பிறகு எழமாட்டேன் என்று அவசர நிலையில் படுத்துவிடும். பேராசிரியர் அந்த வரியை அழிக்கவில்லை. முன்னால் ஒரு வேலிக்குறி போட்டு, பக்கத்தில் தேதியையும் எழுதினார்.

"கெர்னல்ல இருக்கிற பேரை மட்டும் நாளைக்குக் காலையில நீ எடுத்திரும்மா. பஸ் போயிரப் போகுது" என்றார். நான் நோட்டில் குறித்துக்கொண்டேன்: "எஸ்.டி.பி. நீக்க."

அன்றிரவு மழை. மின்சாரம் போயிற்று. யு.பி.எஸ். பேட்டரி தன்னால் முடிந்த மட்டும் தாங்கிவிட்டு ஓய்ந்தது. விடியற்காலையில் மின்சாரம் வந்ததும் சர்வர் தானாகவே எழுந்துகொண்டது. காலையில் நான் ஆய்வகத்துக்கு வந்தபோது வழக்கம்போல் இரைந்துகொண்டிருந்தது. இரவில் அது செத்துப் பிழைத்ததை அந்த இரைச்சல் எனக்குச் சொல்லுமா?

சிஸ் என்னும் அடைவுக்குள் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஓர் அறை உண்டு. அந்த அறையில் டிலீட் என்றொரு கோப்பு இருக்கும். அதில் 1 என்று எழுதினால் போதும், கெர்னல் அந்த டிஸ்க்கை அக்கணமே மறந்துவிடும். "உறுதியாகவா?" என்று கேட்காது. அந்த டிஸ்க்கை யாராவது பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்களா என்றும் பார்க்காது. நோட்டைத் திறந்தேன். எஸ்.டி.பி. என்று இருந்தது. எஸ்.டி.பி.யின் அறைக்குப் போனேன். 1 எழுதினேன். லினக்ஸ் ஒன்றும் சொல்லவில்லை. காரியம் முடிந்தால் ஒன்றும் சொல்லாமலிருப்பதே அதன் பண்பு. நோட்டில் அந்த வரிக்கு நேரே டிக் செய்துவிட்டு முதல் வகுப்புக்குப் போய்விட்டேன்.

பத்தரை மணிக்கு வகுப்பறை வாசலில் ஆய்வக உதவியாளர் அண்ணன் வந்து நின்றார். "தமிழ் டிபார்ட்மெண்ட்லருந்து போன் வந்துச்சு. மலர் ஒண்ணுமே திறக்கமாட்டேங்குதாம்."

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. சர்வர்முன் உட்கார்ந்து பட்டியலைப் போட்டுப் பார்த்தேன். எஸ்.டி.ஏ. இருக்கிறது. எஸ்.டி.சி. இருக்கிறது. நான்கில் ஒன்று போனால் மூன்று இருக்க வேண்டுமே, இரண்டுதான் இருக்கின்றன. வயிற்றுக்குள் ஏதோ புரண்டது. அப்டைம் என்று தட்டினேன். சர்வர் தொடங்கி ஐந்து மணி நேரந்தான் ஆகிறது என்றது.

நான் நீக்கப் போன பெயர் இரவே தானாக நீங்கிவிட்டிருந்தது. சர்வர் மறுபடி எழுந்தபோது, உருவப்பட்ட டிஸ்க் இல்லாததால் மூன்றாவது டிஸ்க்குக்கு எஸ்.டி.பி. என்ற பெயர் கிடைத்திருந்தது. பந்தியில் ஒருவர் எழுந்துபோக, அடுத்தவர் அந்த இலையில் உட்கார்ந்துவிட்டார். நான் வந்து இலையோடு தூக்கிவிட்டேன்.

பேராசிரியரிடம் ஓடினேன். எப்படிச் சொன்னேன் என்பது நினைவில்லை. அவர் திட்டவில்லை. "இனிமே எதையும் தட்டாதே. கையைக் கீபோர்டுல இருந்து எடு" என்றார். ஆய்வகத்துக்கு நடந்து வருகையில் கேட்டார்: "நீ அழிச்சது டிஸ்க்கையா, டிஸ்க்கோட பேரையா?" எனக்குப் பதில் வரவில்லை. அந்த இருபது அடித் தூரத்தில் கறையான் தின்ற அலமாரிதான் கண்முன் நின்றது. கறையானாவது பசிக்குத் தின்றது.

டிலீட் என்ற சொல்தான் என்னை நடுங்க வைத்தது. உண்மையில் அந்தக் கோப்பில் 1 எழுதுவதால் டிஸ்க்கின் தகட்டில் ஓர் எழுத்தும் அழிவதில்லை. கெர்னல் தன் பட்டியலிலிருந்து அதன் பெயரை எடுத்துவிடுகிறது, அவ்வளவே. டிஸ்க் தன் இடத்தில் சுகமாக இருக்கும். பேச்சுவார்த்தை மட்டுந்தான் முறிந்திருக்கும். எழுதிக்கொண்டிருந்த ஏதாவது பாதியில் நின்றிருந்தால் அந்தப் பாதிக்குத்தான் ஆபத்து. காலை நேரத்தில் தமிழ்த்துறையில் யாரும் புதிதாக ஸ்கேன் செய்துகொண்டிருக்கவில்லை என்று போன் செய்து உறுதிப்படுத்திக்கொண்டார் பேராசிரியர்.

பிறகு செய்தவை நிதானமாக நடந்தன. முதலில், செத்த பெயரோடு இன்னும் கட்டப்பட்டிருந்த மலர்க் கோப்பமைப்பை அவிழ்த்தோம். அடுத்து, டிஸ்க்குகள் இணைந்திருக்கும் கன்ட்ரோலரின் அறையில் ஸ்கேன் என்ற கோப்பில் மூன்று சிறுகோடுகளை எழுதினார் பேராசிரியர். எந்த வழியானாலும், எந்த எண்ணானாலும், எந்த அலகானாலும் சரி, யார் இருக்கிறீர்களோ வாருங்கள் என்று அந்த மூன்று கோட்டுக்குப் பொருள். சில நொடிகளில் டிஸ்க் வந்துவிட்டது. எந்தப் பெயரில் வந்தது தெரியுமா? எஸ்.டி.டி.! பழைய பெயரை யாரோ இன்னும் பிடித்துக்கொண்டிருந்ததால் புதுப் பெயர் எடுத்துக்கொண்டது. ஒரே டிஸ்க், நேற்று மாலை எஸ்.டி.சி., காலையில் எஸ்.டி.பி., இப்போது எஸ்.டி.டி. இந்தப் பெயரை நம்பித்தான் நான் நோட்டில் எழுதி வைத்திருந்தேன்.

உடனே திறக்கவும் பேராசிரியர் விடவில்லை. எதையும் மாற்றாமல் பார்க்க மட்டும் செய்யும் சோதனையை முதலில் ஓட்டினார். அது தெளிவான பின்னரே பொருத்தினார். அடைவு திறந்தது. ஆண்டு ஆண்டாக மலர்கள் நின்றன. அட்டைப்படம் மங்கிய ஒரு மலரைத் திறந்து, முதல் பக்கம், நடுப்பக்கம், கடைசிப் பக்கம் என்று புரட்டிப் பார்த்தேன். யாரோ ஒரு பழைய மாணவர் குற்றாலச் சுற்றுலாவைப் பற்றி எழுதியிருந்தார். வாழ்க்கையில் ஒரு பயணக் கட்டுரையை அத்தனை பரவசத்தோடு நான் படித்ததில்லை.

படியெடுப்பு எதற்குமே இல்லை என்ற செய்தி இதற்குப் பிறகுதான், பதிவேட்டைப் பின்னோக்கிப் படித்தபோது வெளிவந்தது. பேராசிரியர் சிறிது நேரம் பேசவில்லை. அன்று பகல் உணவுக்கு முன்பே மலர்கள் முழுவதும் இன்னொரு டிஸ்க்குக்குப் படியெடுக்கப்பட்டன. ஸ்கிரிப்ட்டும், ஒன்றில் பிழை கண்டால் குறித்துக்கொண்டு அடுத்ததற்குப் போகும்படி திருத்தப்பட்டது.

மாலைப் பேருந்தில் ஆலங்குளம் போய்ச் சேர்ந்தேன். திண்ணையில் தாத்தா.

"என்ன தாயி, மூஞ்சி வாடிக் கெடக்கு?"

சொன்னேன். தாத்தாவுக்கு டிஸ்க் என்றால் பாட்டு கேட்கும் தட்டு. ஆனால் கதை பாதி வருவதற்குள் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "கேட் பாஸ் இல்லாம எப்படி ஒரு சாமானை வெளிய எடுக்க விட்டீக?" என்றார். நான் விழித்தேன். ஸ்டோர்ஸில் ஒவ்வொரு சாமானுக்கும் ரேக்கில் ஓர் இடமும், அந்த இடத்தில் தொங்கும் ஒரு பின் கார்டும் உண்டாம். வந்தது, போனது, மிச்சம் எல்லாம் கார்டில். சாமான் போனால் இண்டெண்டில் கையெழுத்து, கார்டில் வரவு செலவு, லெட்ஜரில் பதிவு, கடைசியில்தான் கேட் பாஸ். இந்த வரிசை தலைகீழானால் ஆடிட்டில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். கோப்பமைப்பை அவிழ்ப்பது, எஃப்.எஸ்.டேப் வரியை எடுப்பது, கெர்னல் பெயரை எடுப்பது, கடைசியில் டிஸ்க்கை உருவுவது என்று பேராசிரியர் பிற்பகலில் எனக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டிய வரிசையும் அதுதான்.

"சரி, நீ எந்த நம்பரைப் பாத்து எடுத்த?"

"வரிசை எழுத்தைப் பார்த்துத்தான் தாத்தா."

"பெயிண்ட் அடிக்க ரேக்கை மாத்துனா பின் நம்பர் மாறும். பேரிங்கு முதுகுல அடிச்சிருக்கிற நம்பர் மாறுமா? 6205ம் 6206ம் பக்கத்துல பக்கத்துல இருந்தா கண்ணுக்கு ஒண்ணு மாதிரித்தான் இருக்கும். உள்வட்டம் இருபத்தஞ்சு மில்லி, முப்பது மில்லின்னு அஞ்சு மில்லி வித்தியாசம். முதுகைப் பாக்காம இஷ்யூ பண்ணலாமா?"

டிஸ்க்குக்கும் முதுகு நம்பர் உண்டு. தயாரித்தவர் அடித்த வரிசை எண் ஒன்று அதன் மேல் ஒட்டிய தாளிலும் இருக்கும், லினக்ஸிடம் கேட்டாலும் சொல்லும். டெவ் அடைவிலேயே, எண்ணைக் கொண்டு டிஸ்க்கை அழைக்கும் தனிப் பட்டியலும் உண்டு. கோப்பமைப்புக்கும் யூ.யூ.ஐ.டி. என்ற நீண்ட எண் உண்டு. எஃப்.எஸ்.டேப்பில் அந்த எண்ணைத்தான் எழுதியிருந்தோம். அதனால்தான் எழுத்து மாறிய அந்த இரவிலும் மலர்கள் தம் சரியான இடத்திலேயே போய்ப் பொருந்தியிருந்தன. சர்வருக்குத் தெரிந்திருந்தது எனக்குத் தெரியாமற் போயிற்று.

மறுநாள் மிச்ச வேலையை முடித்தோம். சர்வர் தொடங்குகையில் அரை நிமிடம் எதற்கோ தயங்கி நிற்பதைக் கண்டு தேடினால், எப்போதோ அந்த இரண்டாவது டிஸ்க்கில் இருந்த ஸ்வாப் பகுதியின் எண், தொடக்கத்தில் ஏற்றப்படும் சிறு படிவத்துக்குள் இன்னும் உட்கார்ந்திருந்தது. அதையும் எடுத்துப் படிவத்தைப் புதிதாகச் செய்தோம். ஒரு டிஸ்க்கின் பெயர் இத்தனை இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று யார் நினைத்தார்கள்! பெரிய நிறுவனங்களில் ஒரே சேமிப்புப் பெட்டிக்கு நான்கு வழி வைத்திருப்பார்களாம். ஒரு டிஸ்க் நான்கு பெயரில் தோன்றும். மேலே ஐந்தாவதாக ஒரு கூட்டுப் பெயரும் இருக்கும். கூட்டுப் பெயரை முதலில் கலைத்துவிட்டுத்தான் நான்கையும் எடுக்க வேண்டுமாம். பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்துக் கட்டும் எல்.வி.எம். முறையிலோ, காணாமற்போன டிஸ்க்கை நீக்கு என்ற கட்டளையோடு வற்புறுத்து என்ற சொல்லையும் சேர்த்துவிட்டால், அந்த டிஸ்க்கில் ஒரு பகுதி இருந்த தொகுதிகளையெல்லாம் சேர்த்து நீக்கிவிடும் என்றார் பேராசிரியர். அங்கே போனது பெயர் மட்டுந்தான் என்று ஆறுதல் கொள்ள முடியாது. நல்ல வேளை, நம் கல்லூரிச் சர்வரில் அது இல்லை.

நான்கு பெட்டிகளின் முகப்பிலும் இப்போது வெள்ளைத் தாளில் வரிசை எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களை எழுதி ஒட்டியிருக்கிறேன். என் நோட்டில் எஸ்.டி. என்று தொடங்கும் சொல் எதுவும் இல்லை.

உருவிய டிஸ்க்? அது ஆய்வக அலமாரியில், சிவப்பு மையில் எழுதிய சீட்டோடு கிடக்கிறது. கெர்னல் அதை மறந்துவிட்டது, எஃப்.எஸ்.டேப் மறந்துவிட்டது, தொடக்கப் படிவமும் மறந்துவிட்டது. துறையின் இருப்புப் பதிவேட்டிலிருந்து மட்டும் எடுக்க முடியவில்லை. கண்டம் செய்யும் குழு வந்து பார்த்துக் கையெழுத்திடும் வரை, பதிவேட்டின்படி அது நல்ல நிலையில் இருக்கிறது. சென்ற வாரம் இருப்புச் சரிபார்ப்புக்கு வந்தவர்கள் அதைக் கையில் எடுத்துப் பார்த்து, எண்ணை ஒப்பிட்டு, டிக் செய்துவிட்டுப் போனார்கள். தாத்தாவிடம் சொன்னேன். "நம்பரைப் பாத்தாங்கல்ல?" என்று மட்டும் கேட்டார்.